மூத்தவளைப் படிக்க வைத்தோம்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வெளியே போனவர்கள் ஒன்றுகூடி முன்னாள் மாணவர் சங்கம் தொடங்கியபோது, நான் மலையடிவாரத்துத் தாப்பாவில் ஆசிரியையாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி. ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன்தான் தலைவர். தாப்பா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவர், தபால் நிலையத்தில் ஒருவர், நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, எந்தப் பரீட்சையும் பாஸ் பண்ணாமலே சொந்தமாக ஒரு லோரி வாங்கிவிட்ட ஒருவர். அப்புறம் நான். ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடுகிற கூட்டம்தான்.

ஆனால் செய்த வேலை கொஞ்சநஞ்சமில்லை. ஆண்டுக்கொரு முறை தோட்டத்துத் திடலில் விளையாட்டுப் போட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் டியூஷன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் டவுன் இடைநிலைப்பள்ளியில், முதலாம் படிவத்துக்கு முந்திய புதுமுக வகுப்புக்குப் போகும் முதல் நாள், அவர்களைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவது. அந்த நேரத்தில் அப்பா அம்மா எல்லாரும் மலையில் வேலையில் இருப்பார்கள். யார் கையைப் பிடித்துக்கொண்டு போகும் அந்தப் பிள்ளை? அங்கே எல்லாம் மலாயில். வாத்தியார் பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும் என்பதுகூடப் புரியாமல் நான் உட்கார்ந்திருந்த நாள் எனக்கு மறக்கவில்லை. அதனால் அந்த வேலையை எப்போதும் நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இதெல்லாம் போக, 'ஆளுக்கொரு பிள்ளை' என்று தலைவர் ஒன்று கொண்டுவந்தார். சங்கத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து, படிப்பு முடிகிற வரைக்கும் கூடவே நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய் வாத்தியாரைப் பார்ப்பது, பிள்ளை மட்டம் போட்டால் வீட்டுக் கதவைத் தட்டுவது, அழுதால் கேட்பது. எனக்கு வந்தவள் மூன்றாம் படிவத்தில் இருந்த ஒரு பெண்.

அவளுடைய அப்பா தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். அம்மா கொழுந்து பறிப்பவர். அவளுக்குக் கீழே ஒரு தங்கை மட்டும். மூத்தவள் அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வது போல உதடு அசையும். கணக்கில் ஒரு தப்பு வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரைக்கும் அதே நினைப்பாக இருப்பாள். சின்னவள் வேறு மாதிரி. மண்டபத்தில் முன்வரிசையில் வந்து குந்திக்கொண்டு, யாரைக் கேள்வி கேட்டாலும் தானே பதில் சொல்லிவிடுவாள். பாதி தப்பாக இருக்கும். அதைப் பற்றிக் கவலையே கிடையாது.

"உன்னைக் கேக்கலை, பின்னாடி இருக்கிறவனைக் கேட்டேன்" என்பேன்.

"அவனுக்குத் தெரியாதுலா டீச்சர். நான் சொன்னா நேரம் மிச்சம்தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் என் கண் மூத்தவள் மேல்தான் இருந்தது. எனக்கென்று ஒதுக்கப்பட்ட பிள்ளை அவள். சின்னவள் கூட்டத்தில் ஒருத்தி.

மூத்தவள் மூன்றாம் படிவப் பரீட்சையான எஸ்.ஆர்.பி. நன்றாகச் செய்தாள். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். அதைவிட நன்றாகச் செய்தாள். முடிவு வந்த அன்று தலைவர் ஈப்போவிலிருந்து நேராக மேலே வந்துவிட்டார். எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்துக்குப் போகப் போகிறாள் என்று கடைக்காரரிடம் சொன்னார், கோயில் பூசாரியிடம் சொன்னார், பஸ்ஸில் இறங்கி நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். ஈப்போவில் தன் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும், தன் மனைவி பார்த்துக்கொள்வாள் என்றார்.

அந்த ஆண்டுதான் அவளுடைய அப்பா விழுந்தார். மழை விட்ட கையோடு முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கியவர் வழுக்கி, தொட்டியோடு உருண்டு, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். தாப்பா ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்துவிட்டு, தடி ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறி வந்தார். தோட்டத்து வேலைப் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

தொழிலாளருக்குத் தோட்டம் கொடுக்கிற லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஒரு வீட்டில் ரெண்டு ஆள் வேலைக்குப் பேர் பதிந்திருக்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். எங்கும் எழுதி ஒட்டியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் இப்போது அம்மா ஒருத்திதான் வேலைக்குப் போகிறார். மூத்தவளுக்குப் பதினெட்டு வயது முடிந்திருந்தது. பேர் பதியலாம்.

நானும் தலைவரும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அம்மா எங்களுக்குத் தேத்தண்ணி கலந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டார். உட்காருங்கள் என்று எவ்வளவு சொன்னாலும் உட்காரவில்லை.

"கிராணி சொல்லிட்டாரு" என்றார் அவர். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் கணக்கர். "பெரிய பொண்ணு பேர எழுதிக் குடு, வீட்டப் பத்தி யோசிக்க வேணாம்னு சொல்றாரு. கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறமா படிக்கட்டுமே."

"அக்கா, கொழுந்துக் கூடைய ஒருக்கா தலையில மாட்டிட்டா அப்புறம் எறக்க முடியாது. உங்களுக்குத் தெரியாதா?" என்றேன் நான்.

இப்படி அவரிடமே சொன்னேன். சொல்லும்போது சரியான வாதமாகத்தான் பட்டது.

தலைவர் பேசினார். நன்றாகப் பேசக்கூடியவர். இவள் படித்து வந்தால் இந்தக் குடும்பத்துக்குச் சொந்த வீடே வரும் என்றார். இவளைப் பார்த்து இன்னும் பத்துப் பிள்ளைகள் படிப்பார்கள் என்றார். வீட்டு விஷயமாகத் தானே துரையைப் பார்த்துப் பேசுவதாகச் சொன்னார். துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரன் போய்ப் பல ஆண்டு ஆகியும் அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு அதுதான் பேர்.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூத்தவள் அடுப்படியில் நின்றாள், வெளியே வரவே இல்லை. சின்னவள்தான் நடுவில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"டீச்சர், அக்கா ஈப்போ போனா நானும் போலாமா?"

எல்லாரும் சிரித்தோம். "முதல்ல அவ போவட்டும். நீ அப்புறம் போலாம்லா" என்று சொல்லி அவள் தலையைத் தட்டினேன்.

கடைசியில் அம்மா, "நீங்க ரெண்டு பேரும் சொல்றீங்க. நல்லதுக்குத்தான் சொல்லுவீங்க" என்றார். நாங்கள் வெற்றியோடு இறங்கி வந்தோம். வழியில் தலைவர் விசிலடித்துக்கொண்டே வந்தார்.

துரையை அவர் பார்த்தது உண்மை. பிள்ளை படிக்கட்டும், பார்க்கலாம் என்று சொன்னாராம். பார்க்கலாம் என்றதை நாங்கள் சரி என்று கேட்டுக்கொண்டோம்.

ஓராண்டு வரைக்கும் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூத்தவள் ஈப்போவில் படித்தாள். நான் மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பேன். விடுமுறைக்கு மேலே வந்து போனாள். சின்னவள் தமிழ்ப்பள்ளி முடித்துப் புதுமுக வகுப்புக்குப் போனபோது முதல் நாள் நான்தான் கூட்டிப்போய் விட்டேன். மற்றப் பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் எனக்கு முன்னால் வாசலுக்குள் நடந்து போய்விட்டாள்.

அந்தத் துரை மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் லயங்களைச் சுற்றிப் பார்த்தார். கல்யாணமான ஜோடிகள் வீட்டுக்காகக் காத்திருந்தார்கள், இரண்டு பேரும் வேலைக்கு வருகிறவர்கள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ஒரு ஞாயிறு டியூஷனில் முன்வரிசை காலியாக இருந்தது. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் காலி. பக்கத்து லயத்துப் பையனைக் கேட்டேன்.

"அவங்க இங்க இல்ல டீச்சர். லெம்பா பெர்த்தாம் போய்ட்டாங்க. வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கல்ல."

அந்த வாரமே பஸ்ஸில் ரிங்லெட் வரைக்கும் வந்து, அங்கிருந்து காய்கறி லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டு கீழே பள்ளத்தாக்குக்குப் போனேன். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தவுக்கே என்று கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் கோஸ் தோட்டம். ஓரத்தில் பலகையும் தகரமும் வைத்து அடித்த ஒரு கொட்டகை. கோழியெரு நாற்றம் தொண்டையைப் பிடித்தது. கொட்டகை வாசலில் அப்பா ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தடியைத் தேடி எழுந்திருக்கப் பார்த்தார். "வேணாம்ணே, உக்காருங்க" என்று ஓடினேன்.

சின்னவள் தரையில் குவித்துக் கிடந்த கோஸ்களின் மேலிலைகளை உரித்து உரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை, பள்ளிக்கூட நாள். நான் தாப்பாவில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

"வாங்க டீச்சர்" என்றாள். கை நிற்கவில்லை.

அம்மா தோட்டத்திலிருந்து வந்தார். "ஏன் எங்கிட்ட சொல்லலக்கா?" என்று கேட்டேன். குற்றம் அவருடையது என்பது போல.

"சொல்லி? நீ என்ன பண்ணுவ தங்கச்சி?" சாதாரணமாகத்தான் கேட்டார். கோபமே இல்லை. "தவுக்கே எடம் குடுத்தான். ஆனா நான் ஒருத்தி செய்யறது பத்தல. இவளும் கூட இருந்தாத்தான் சரியா வருது."

"ஸ்கூல்?"

"அடுத்த வருசம் பாக்கலாம்."

அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது அம்மா என்னுடன் மண்சாலை வரைக்கும் வந்தார். "பெரியவகிட்ட சொல்லிறாத. பரீட்ச முடியட்டும். தெரிஞ்சா ஓடியாந்துருவா."

நான் சரி என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அவள் ஓடி வந்துவிடுவாள் என்று அவருக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு பயம் எனக்கும் இருந்தது. அதற்கு முந்திய வாரம்தான் சங்கக் கூட்டத்தில் அவளைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருந்தேன்.

பரீட்சைக்கு முந்திய விடுமுறை வந்தது. ஈப்போவுக்குப் போய் மூத்தவளிடம், மேலே வராதே, இங்கேயே இருந்து படி, வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்பா நடக்கிறாராக்கா?" என்று கேட்டாள். நடக்கிறார் என்றேன். அது மட்டும் பொய்யில்லை. "தங்கச்சி என்ன பண்றா?" என்றாள். "அவளுக்கென்ன, வாய் ஓயவே ஓயாது" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் இன்றைக்கும் சரியாக எதிர்கொள்ள முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் என் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லி அழுதேன். என் அப்பா தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவர். என் இரண்டு அண்ணன்களும் பதினாறு வயதிலேயே அங்கே சேர்ந்துவிட்டவர்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "நீ பாட்டுக்குப் படிச்சியே, எப்படின்னு நெனச்ச? உங்கண்ணனுங்க ரெண்டு பேரும் வேலைக்குப் பேர் பதிஞ்சிருந்தானுங்க. அதான் நம்மள யாரும் வீட்ட விட்டு எழுப்பல" என்றார்.

அதுவரைக்கும் நான் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. நான் கெட்டிக்காரி, அதனால் படித்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன அண்ணன் பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாக மலாய் பேசுவான். அவன் ஏன் நின்றான் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த வழியைத்தான் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வழியைத் தாங்கிப் பிடிக்க எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்தார்கள். அந்த வீட்டில் ஒரு தங்கைதான் இருந்தாள்.

மூத்தவளின் பரீட்சை முடிந்த பிறகு நானே ஈப்போ போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தாப்பாவிலிருந்து மேலே ஏறுகிற பஸ்ஸில், வளைவுகளில் ஆடிக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். உதடு அசைந்தது. பாதி மலை ஏறிய பிறகு கேட்டாள்.

"தங்கச்சி ஸ்கூல் போறாளா?"

"இல்ல."

ரிங்லெட்டில் இறங்கியதும் எனக்கு முன்னால் நடந்தாள். தன் பையைக்கூட என்னைத் தூக்க விடவில்லை.

கொட்டகைக்குப் போனதும் அவள் செய்தது, நேரே போய்ச் சின்னவளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தது. நகங்களுக்குள் மண், விரல்களெல்லாம் வெடிப்பு. "என்ன பாக்கற? ஜோசியமா?" என்று சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். மூத்தவள் அம்மாவிடம் திரும்பினாள்.

"நான் இனிமே எங்கயும் போவல. நாளைக்கே நானும் வேலைக்கு வரேன்."

அவள் அம்மா சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "போவாட்டி? அப்ப நாங்க இவ்வளவு பட்டது எதுக்குடி? வீட்ட வுட்டது எதுக்கு? இவ நின்னது எதுக்கு? நீ படிச்சுத்தான் ஆவணும்!"

மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். படிப்பு அவளுக்கு ஆசையாக இருந்தது அன்றோடு முடிந்து, கடமையாகிவிட்டது என்று நினைக்கிறேன். அவள் பல்கலைக்கழகம் போனாள், பாஸ் பண்ணினாள், ஜொகூரில் இடைநிலைப்பள்ளி ஆசிரியை ஆனாள். எல்லாம் நாங்கள் சொன்னபடியே நடந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அவளை அழைத்தோம். அதற்குள் சங்கம் வளர்ந்து, தானா ராத்தாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிற அளவுக்கு வந்திருந்தது. மேடையில் அவள் மைக் முன்னால் நின்று, தன்னைக் கைபிடித்துக் கொண்டுவந்தது சங்கம்தான் என்றாள். அடுத்து என் பக்கம் கைகாட்டி, "இந்த அக்கா இல்லன்னா நான் இல்ல" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார். வாடாமல்லி மாலை. கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது, ஆனால் கழற்றினால் தப்பாக நினைப்பார்களோ என்று விழா முடிகிறவரை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவும் தங்கையும் வரவில்லை. கேட்டதற்கு, "லோரி ஏத்துற நாளுக்கா" என்றாள்.

அன்று சாப்பாட்டின்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் சங்கத்துத் தபால்காரரிடம் அந்தத் தங்கையைப் பற்றிச் சொன்னேன். "ஒருத்தியக் கரையேத்திட்டோம்ல, அத நெனச்சு சந்தோசப்படும்மா" என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

எனக்கு ஆறவில்லை. இரவல் புத்தகங்கள் சேர்த்தேன். ரிங்லெட்டில் சாயங்கால வகுப்பு எடுக்க ஒரு வாத்தியாரைப் பேசி வைத்தேன். தனியாக எஸ்.ஆர்.பி. எழுத வழி இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டு லெம்பா பெர்த்தாமுக்குப் போனேன். சின்னவள் அப்போது நன்றாக வளர்ந்திருந்தாள். அவளுக்குக் கீழே நான்கைந்து பெண்கள் வேலை செய்தார்கள். தவுக்கேயோடு சீன மொழியிலேயே விலை பேசினாள். நான் புத்தகங்களைப் பலகை மேல் வைத்துவிட்டு, வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் குறுக்கே பேசவில்லை. சின்ன வயதில் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

"பொறவு பாக்கலாம் டீச்சர்" என்றாள்.

மறுமாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும் போனேன். புத்தகங்கள் நான் வைத்த இடத்திலேயே இருந்தன, மேலே ஒரு சாக்குப்பை மூடியிருந்தது. "ஒரு அத்தியாயமாவது பாத்தியா?" என்று கேட்டபோது அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இந்த வேல புடிச்சிருக்கு. சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. முன்னாடி சூசாவா, கஷ்டமாத்தான் இருந்துச்சு, ரொம்ப அழுதேன். அப்ப நீங்க ஒரு தடவ வந்தீங்க, போய்ட்டீங்க. இப்ப அழுவல, நீங்க மாசாமாசம் வரீங்க." கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு மனசு ஆறணும்னு நான் திரும்ப ஸ்கூல் போவ முடியுமா?"

குரலில் வன்மம் இல்லை. கணக்குத் தப்பென்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். புத்தகங்களை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "எடுத்துக்குங்க, வேற புள்ளைக்கு ஆவும்" என்று அவளே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபோதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான் அவளுக்காகப் போகவில்லை.

அதன் பிறகு நடந்த கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். ஒரு பிள்ளையை எடுப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் யார் யார் வேலையில் இருக்கிறார்கள், இந்தப் பிள்ளை போனால் அந்தப் பாரம் யார் தலையில் விழும் என்று கேட்க வேண்டும் என்றேன். தலைவருக்குப் பிடிக்கவில்லை. "இதெல்லாம் பாத்தா ஒரு புள்ளயயும் மலைய வுட்டு எறக்க முடியாது தங்கச்சி" என்றார். வாக்குவாதம் முற்றி, நர்ஸ் அக்கா நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். கடைசியில் என் பேச்சுதான் நின்றது. வீட்டுப் பிரச்சினை என்றால் யூனியன் ஆளையும் கூட்டிக்கொண்டு போய்த் துரையிடம் பேசி, வாங்குகிற வாக்குறுதியை எழுத்தில் வாங்குவது என்று முடிவானது. சில வீடுகளை அப்படிக் காப்பாற்றினோம். அது உண்மை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் எனக்கு வந்த பையன் ஒருவன், மூன்றாம் படிவம் முடித்தவன், தொழில்நுட்பப் பள்ளிக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு குட்டித் தம்பிகளும். அந்த அம்மா, "போவட்டும் டீச்சர், எப்படியாச்சும் சமாளிச்சுக்கறேன்" என்றார். நான்தான் பயந்தேன். ஓராண்டு பொறுங்கள், வீட்டு விஷயம் உறுதியாகட்டும் என்றேன். யூனியன், துரை, கடிதம் என்று இழுத்துக்கொண்டே போனது. இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது. பையன் காய்கறி லோரியில் கிளீனராக ஏறினான். எங்காவது பார்த்தால் லோரியிலிருந்தே "டீச்சர்!" என்று சந்தோஷமாகக் கத்துவான். ஒரு தடவை பயமில்லாமல் செய்து ஒரு வீட்டைக் குலைத்தேன். இன்னொரு தடவை பயந்து பயந்து ஒரு பிள்ளையின் காலைக் கட்டினேன். இதில் எது பெரிய தப்பு என்று எனக்குள் தீர்ப்பு ஆகவே இல்லை.

சின்னவளுக்குக் கல்யாணம் எண்பதுகளின் பின்பாதியில் திரிங்காப்பில் நடந்தது. மாப்பிள்ளை அங்கே குத்தகைக்கு நிலம் எடுத்துப் பூப் பயிரிடுகிறவர். பத்திரிகை எனக்குத் தபாலில் வரவில்லை. அவளே தாப்பாவுக்கு வந்து கொடுத்துவிட்டுப் போனாள். போகலாமா வேண்டாமா என்று கடைசி நாள் வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் சின்ன அண்ணன், "கூப்பிட்டவங்க வீட்டுக்குப் போவாம இருக்கிறதும் ஒரு திமிர்தான்" என்று சொல்லி, தானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.

மூத்தவள் ஜொகூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். கல்யாணச் செலவெல்லாம் அவள்தான். அதற்கு முன்னால் ரிங்லெட்டில் அம்மாவுக்கு ஒரு சின்ன வீடும் வாங்கிக் கொடுத்திருந்தாள். அப்பா அந்த வீட்டைப் பார்க்காமலே போய்விட்டார். அக்காளும் தங்கையும் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். பூ சரியில்லை, தாலிக்கொடி எங்கே, போட்டோகாரர் வந்தாச்சா என்று. ஆனால் மூத்தவள் எதை எடுத்துக் கொடுத்தாலும் ஒரு விருந்தாளி கொடுத்ததை வாங்குவது போலச் சின்னவள் இரண்டு கையாலும் வாங்கினாள். நான் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டவள் போலப் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பந்தியில் அவர்கள் அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்னெதிரில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எப்போதோ கேட்டிருக்க வேண்டியதை அப்போது கேட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நாங்க வந்து பேசினோமே. உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமா இருந்துச்சா?"

அவர் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"சம்மதமா இல்லையான்னு யாரு யோசிச்சா? படிச்ச புள்ளைங்க நீங்க ரெண்டு பேரு வந்து நிக்கறீங்க. எங்களுக்கு மறுத்துப் பேச வாய் வரல." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைத் தட்டினார். "பெரியவ நல்லா இருக்கா. இவளும் நல்லாத்தான் இருக்கா. சாப்புடு."

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

கையலம்பிவிட்டு வந்தபோது போட்டோகாரர் குடும்பத்தை நிறுத்திக்கொண்டிருந்தார். மூத்தவள் "அக்கா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். நான் வேண்டாம், குடும்பப் படம், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பின்னால் ஒதுங்கினேன். மணப்பெண் மாலையைச் சரிசெய்துகொண்டே ஓரடி நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"வாங்க டீச்சர். மழ வரப் போவுது, சீக்கிரம் நில்லுங்க."

போய் நின்றேன். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.